ரெக்கார்டரில் பதிந்ததை வெளியே எடுக்க: கேள்வி-பதில்

கேள்வி: செட்-டாப் பாக்ஸில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பதிவு செய்தேன். அதைக் கணினியில் மாட்டினால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது. பதிவெல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு உடனே கழற்றுங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம். டிஸ்க்கை இ.எக்ஸ்.டி.3, எக்ஸ்.எஃப்.எஸ். போன்ற முறைகளில் அவை ஃபார்மேட் செய்துகொள்ளும். விண்டோஸுக்கு அது புரியாது. பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்து கணினியைத் துவக்கி, டிஸ்க்கை 'படிக்க மட்டும்' முறையில் திறங்கள், கோப்புகள் தெரியும்.

தெரிவதெல்லாம் ஓடிவிடாது. சிறிய கோப்பு ஒன்றை நகலெடுத்து வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் போட்டுப் பாருங்கள். படம் வந்தால் கவலையில்லை. கோப்பு பல ஜி.பி. இருந்தும் திரை கறுப்பாகவே நின்றால், பெட்டி அதைப் பூட்டி எழுதியிருக்கிறது என்று பொருள். சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்; பொதுவாக அதே மாடலில் இன்னொரு பெட்டிகூட அதைத் திறக்காது. கோப்பின் பெயரில் உள்ள கடைசி மூன்றெழுத்தை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

கேள்வி: என் பதிவுகள் பூட்டியவைதான். பெட்டியிலிருந்து டி.வி.க்குப் போகும் படத்தைக் கணினியில் பதியும் எச்.டி.எம்.ஐ. கேப்சர் கருவியில் பிடித்தால் கறுப்புத் திரைதான் வருகிறது. வேறு வழி?

பதில்: எச்.டி.எம்.ஐ. வழியாகப் போகும் படத்துக்கு எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்புக் காவல் உண்டு. அதனால்தான் கறுப்பு. பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. துளைகள் இருந்தால் யு.எஸ்.பி. ஏ.வி. கேப்சர் கருவியால் பிடிக்கலாம், அங்கும் நகல் தடை போடப்படாதிருந்தால். எச்.டி. தரம் கிடைக்காது, 576 அல்லது 480 வரிதான். இரண்டு மணி நேரப் படத்தைப் பிடிக்க இரண்டு மணி நேரமே ஆகும். சொந்தப் பார்வைக்கு என்றாலும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் பெட்டியில் 'தானாக அணையும்' அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வரிசையாகப் பல பதிவுகளை ஓட்டும்போது நடுவில் உறங்கிவிடும். ரிமோட்டைத் தொடாதீர்கள், திரையில் எழும் பட்டையும் சேர்ந்து பதிவாகும். ஏ.வி. துளை 3.5 மி.மீ. வடிவில் இருந்தால் இன்னொரு தொல்லை: உள்ளிணைப்பு எல்லாக் கேபிளிலும் ஒன்றல்ல. படம் வராமல் உறுமல் மட்டும் கேட்டால், மஞ்சள் துளையில் சிவப்பு முனையையோ வெள்ளை முனையையோ மாற்றிச் செருகிப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் அந்தப் பெட்டிக்கென்றே உள்ள கேபிள்தான் வேண்டும்.

கேள்வி: ஒரே நிகழ்ச்சி மூன்று துண்டாக இருக்கிறதே?

பதில்: பெரும்பாலும் உங்கள் டிஸ்க் எஃப்.ஏ.டி.32 என்ற ஃபார்மேட் முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. பெட்டிகள் வழக்கமாக எழுதும் டி.எஸ். வகைக் கோப்பு 188 பைட் பொட்டலங்களின் சங்கிலி. ஆகவே துண்டுகளை வரிசை மாறாமல் பைனரி முறையில், அதாவது உள்ளதை உள்ளபடியே ஒன்றன்பின் ஒன்றாக, ஒட்டினாலே போதும், அதற்காக வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டாம். எம்.பி.4 ஆக்கிய பிறகு இப்படி ஒட்ட முடியாது. முதலில் ஒட்டுங்கள், பிறகு மாற்றுங்கள்.

கேள்வி: ஃபோனில் படம் ஓடுகிறது, ஒலி இல்லை.

பதில்: ஒலி ஏ.சி.3 அல்லது எம்.பி.2 வகையாக இருக்கும். பல ஃபோன்களுக்கு அவை ஒத்துவராது. அவிடெமக்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் வீடியோவைக் 'காப்பி' என்றே விட்டு, ஒலியை மட்டும் ஏ.ஏ.சி., 192 கே.பி.பி.எஸ். என்று வைத்து, எம்.பி.4 ஆகச் சேமியுங்கள். படத் தரம் துளியும் குறையாது, சில நிமிடத்தில் முடியும்.

வீடியோவே எம்பெக்-2 என்ற பழைய வகையாக இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற மாற்று மென்பொருளில் எச்.264 வகையாக மாற்றுங்கள். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால் அதைச் சரிசெய்யும் 'டீஇன்டர்லேஸ்' அமைப்பைப் போடுங்கள்.

கேள்வி: எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை 0.45 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான ஜி.பி. கிடைக்கும். 8 மெகாபிட் எச்.டி. சேனல் என்றால் 3.6 ஜி.பி.

கேள்வி: டி.வி.டி. ரெக்கார்டரில் எழுதிய தட்டு வேறு பிளேயரில் ஓடவில்லை.

பதில்: மற்ற பிளேயர்களும் படிக்கும்படி தட்டை முடித்துவைக்கும் 'ஃபைனலைஸ்' வேலையைச் செய்யாமல் விட்டிருப்பீர்கள். எழுதிய ரெக்கார்டரிலேயே அதைச் செய்யுங்கள்.