நெஞ்சு நீர் எடுத்த பிறகு ஊட்டிக்கு ஏறலாமா?

கோயம்புத்தூரில் அம்மாவுக்கு நெஞ்சு நீர், அதாவது நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை, ஊசி போட்டு எடுத்தார்கள். மறுநாள் எக்ஸ்ரேயில் 'நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று' என்கிறார்கள். காரில் ஊட்டிக்கு அழைத்து வரலாமா?

இப்போது வேண்டாம். கோவை ஏறக்குறைய 410 மீட்டர், ஊட்டி 2,240. ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று சுமார் கால் பங்கு பெருகும். கீழே 400 மில்லி இருந்தது மேலே 500 ஆகி, நுரையீரலை இன்னும் அமுக்கும். சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனும் குறையும். 'பிளேன்தான் கூடாது, கார் பரவாயில்லை' என்பது மலைக்காரர்களுக்குப் பொருந்தாது: பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தமே கிட்டத்தட்ட ஊட்டி அளவுதான். எக்ஸ்ரேயில் காற்று முழுதும் மறைந்து ஒரு வாரம் ஆன பின் பறக்கலாம் என்பது வழக்கமான அறிவுரை. அதே கணக்கை வைத்து, ஊர் ஊட்டி என்பதைச் சொல்லி, மருத்துவரிடம் நாள் கேளுங்கள். மேலிருந்து கீழே இறங்கும்போது அதே காற்று சுருங்கும். ஆனால் கசிவு நிற்கவில்லை என்றால் அதை நம்ப முடியாது.

ஊசி நுரையீரலைக் குத்திவிட்டதா?

குத்தியிருக்கலாம், அதைத் தவிர்க்கத்தான் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடுகிறார்கள். ஊசி வழி திறந்திருக்கும்போது நோயாளி மூச்சை இழுத்தாலும் காற்று உள்ளே போகும். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது: நாள்பட்ட காசநோயிலோ புற்றுநோயிலோ நுரையீரலின் மேலுறை தடித்துப்போனால், நீர் வடிந்தாலும் அது விரியாது. காலியான இடத்தில் காற்று நிற்கும். இது யார் கைத்தவறும் அல்ல. மூச்சுத்திணறல் இல்லாவிட்டால் பெரும்பாலும் காற்றை வெளியேற்ற நெஞ்சில் ட்யூபும் வேண்டியதில்லை.

இன்னும் நீர் இருந்தும் ஒன்றரை லிட்டரோடு நிறுத்திவிட்டார்களே?

சரியாகத்தான் செய்தார்கள். ஒரேயடியாக நிறைய எடுத்தால், சட்டென்று விரியும் நுரையீரலுக்குள்ளேயே நீர் சுரக்கலாம். நெஞ்சு இறுக்கமோ விடாத இருமலோ வந்தால் அரை லிட்டரிலும் நிறுத்துவார்கள். முடிவில் வரும் லேசான இருமல் நுரையீரல் விரிவதன் அடையாளம், பயம் வேண்டாம்.

நெஞ்சில் ட்யூபும் அதன் மறுமுனையில் தண்ணீர் பாட்டிலுமாக ஊட்டியிலிருந்து கீழே அனுப்புகிறார்கள். எதைக் கவனிக்க?

பாட்டில் நிமிர்ந்து, நெஞ்சுக்குக் கீழே இருக்கட்டும். ட்யூபின் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். குமிழி வரும் ட்யூபைக் கிளிப் போட்டு அடைக்கவே கூடாது. உள்ளே தேங்கும் காற்று இதயத்தையே நெருக்கும். மூச்சு திணறி உதடு நீலம் பாய்ந்தால் வழியில் எந்த மருத்துவமனை முதலில் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள்.