யானைக்காகப் பாரசீகர் ஆனவர்கள்

கேள்வி: சிறுவயதில் விரும்பி விளையாடிய வீடியோ கேம் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது மறுபடியும் விளையாடிப் பார்த்தீர்களா? பழைய சுகம் கிடைத்ததா?

விளையாடினேன், இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறேன். சுகம் கிடைத்ததா என்றால், முதல் ஒரு மாதம் கிடைக்கவில்லை. குறை விளையாட்டில் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

1999இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தான் அந்த விளையாட்டு. ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்து, கிராமவாசிகளை வைத்து உணவும் மரமும் சேர்த்து, ஊர் கட்டி, படை திரட்டி எதிரியோடு மோத வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது கணினி கிடையாது. பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டில் இருந்தது. 2002 கோடை விடுமுறை முழுக்க அங்கேதான் கிடந்தேன். மவுஸ் அண்ணன் கையில். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, வரைபடத்தின் இருட்டிலிருந்து வெளிப்படும் ஆடுகளைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. "மேலே, மேலே, மரத்துக்குப் பின்னால் ஒன்று நிற்கிறது" என்று கத்துவேன். ஓர் ஆட்டுக்கு 100 உணவு.

காட்டுப்பன்றிக்கு 340. அந்தக் கணக்குத்தான் எங்களைக் கெடுத்தது. அண்ணன் ஒரு கிராமவாசியைத் தனியாக அனுப்புவான். அவன் வில்லை எடுத்து அம்பு விடுவான், பன்றி ஓடிவந்து முட்டும், அவன் குப்புற விழுவான். அடுத்தவன் போவான், அவனும் விழுவான். ஆரம்பத்தில் இருப்பதே மூன்று பேர்தான். ஒருநாள் மூவரையும் பன்றிக்குக் கொடுத்துவிட்டு, "நீ ஒழுங்காகப் பார்த்துச் சொல்லவில்லை" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தான். பன்றியின் உயிர் 75 புள்ளி, மனிதனுடையது 25 என்பதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

முதல் பதிப்பில் 13 நாகரிகங்கள் இருந்தன. இந்தியா அதில் இல்லை. போர் யானை இருந்த ஒரே காரணத்துக்காக நாங்கள் எப்போதும் பாரசீகர்கள். யானை நடந்து எதிரியின் கோட்டையை அடைவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு மெதுவாக நடக்கும். உண்மையில் நாங்கள் சண்டைக்கே அதிகம் போகவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்புவோம், மதிலுக்குள் இன்னொரு மதில். வீடுகளைத் தெருத்தெருவாக வரிசையில் கட்டுவோம். வயல் ஒவ்வொன்றும் விளைச்சல் தீர்ந்து காய்ந்துபோகும்போது 60 மரம் கொடுத்து நம் கையாலேயே மறுபடி போட வேண்டும். அதையும் சலிக்காமல் செய்தோம். உணவு தீர்ந்தால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த மந்திரம் இருந்தது: 'சீஸ் ஸ்டேக் ஜிம்மிஸ்'. தட்டினால் 1,000 உணவு. ஜிம்மி என்பவர் யாரோ பெரிய பண்ணையார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கரண்டு போனால் எல்லாம் போச்சு. மறுநாள் முதல் ஆட்டிலிருந்து மீண்டும் தொடங்குவோம்.

இதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009இல் மூடப்பட்டது. விளையாட்டு செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் ரசிகர்கள் சிலர் தாங்களாகவே புதிய நாகரிகங்களைச் சேர்த்து இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். பிறகு அவர்களே ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற நிறுவனமாகி, 2019 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பைச் செய்தார்கள். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தவனிடமே மவுஸைக் கொடுத்ததுபோல என்று எனக்குத் தோன்றியது.

நான் அதை வாங்கியது மூன்று வருடம் முன்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் கூரையின் ஓடுவரை தெரிகிறது. கட்டடம் இடிந்தால் கல் கல்லாகச் சரிகிறது. வயல் தானாகவே மறுநடவு ஆகிறது. எத்தனை பேர் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்பதை ஓர் எண் காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்தான் எனக்குச் சனியன் ஆனது. 'ஆர்ட் ஆஃப் வார்' என்று ஒரு பயிற்சிப் பகுதி இருக்கிறது. நேரத்தை அளந்து பதக்கம் தருவார்கள். ஊர் மையம் ஒரு நொடிகூட சும்மா இருக்கக் கூடாது, 25 நொடிக்கு ஒரு கிராமவாசி பிறந்துகொண்டே இருக்க வேண்டும். பன்றியை ஒருவன் அம்பால் அடித்துச் சீண்டிவிட்டு ஊர் மையத்துக்கே ஓடிவர வேண்டும், அங்கே மற்றவர்கள் வில்லோடு காத்திருந்து முடிப்பார்கள். இருபது வருடத்துச் சந்தேகம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. தங்கப் பதக்கமும் வாங்கினேன். வாங்கிவிட்டு நிமிர்ந்தால், திரையில் இருந்தது ஊர் இல்லை, பட்டறை. வீடுகளைக் கோணல்மாணலாக எங்கேயோ நட்டிருந்தேன். அலுவலகத்தில் பகல் முழுக்க நான் செய்வதும் யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். ராத்திரியும் அதையே, காசு கொடுத்து வாங்கி, செய்துகொண்டிருந்தேன்.

2022இல் வந்த கூடுதல் தொகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதில் ராஜேந்திர சோழன் வருகிறான். கடாரத்துக்குக் கப்பல் விட்டேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் சத்தமும் போட்டேன். சோழர், பாண்டியர், சேரர், கன்னட தேசத்தவர் எல்லாரையும் 'திராவிடர்கள்' என்று ஒரே பெட்டியில் போட்டிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டுகிறேன்: இந்த நாகரிகத்துக்கு நைட் என்னும் கனரகக் குதிரை வீரன் கிடையாது. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் அரேபியக் குதிரைகள் கப்பலில் வந்ததையும், வளர்க்கத் தெரியாமல் அவை செத்ததையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். விளையாட்டில் வரைபடம் முழுவதையும் திறந்து காட்டும் மந்திரச் சொல் 'மார்க்கோ' என்பது தனி வேடிக்கை.

சுகம் திரும்பி வந்தது அண்ணன் வந்த பிறகுதான். அவன் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். சனிக்கிழமை இரவு இருவரும் ஒரே அணி, கணினிக்கு எதிராக, நடுத்தரக் கடினத்தில். பாரசீகர்கள்தான். யானை வரும்வரை தாக்குதல் இல்லை, வீடுகள் வரிசையாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வேலையில்லாதோர் எண்ணிக்கை ஏழு, எட்டு என்று நிற்கும். நான் கண்டுகொள்வதில்லை.

பன்றியைச் சீண்டி இழுத்துவரும் வித்தையை அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை. போன வாரம் அவன் மூலையில் ஏதோ ஓலம் கேட்டது. போய்ப் பார்த்தால் இரண்டு கிராமவாசிகள் குப்புறக் கிடந்தார்கள், மூன்றாமவன் வில்லோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தான். இந்த விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் 11 என்று தட்டினால் எதிரே இருப்பவருக்கு ஓர் ஆள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்கும். தட்டினேன். "நீ ஒழுங்காகப் பார்த்துச் சொல்லவில்லை" என்று பதில் வந்தது.