ஒரு போன், நாற்பது பிள்ளைகள்: கேள்வி பதில்

எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டு: வகுப்பில் எத்தனை போன் இருக்கிறது, நெட் எப்படி? இன்று வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ‘என் போன் ஒன்றுதான், நெட் சுமார்’ ரகம். அதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கே: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன் சார். 40 பிள்ளைகள். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் கோரஸாக "புரிஞ்சுது டீச்சர்" என்கிறார்கள். யாரிடமும் போன் கிடையாது. க்விஸ் மாதிரி ஏதாவது நடத்த வழி உண்டா?

ப: உண்டு டீச்சர், பிளிக்கர்ஸ். பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம், ஆளுக்கொரு காகித அட்டை போதும். அட்டையில் க்யூஆர் கோடு போல ஒரு கறுப்பு வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடியாக அச்சிட்டிருக்கும். தன் விடை எந்தப் பக்கமோ அது மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்பவும் முடியாது. நெட் உங்கள் போனில் இருந்தால் போதும்.

அட்டைகள் அவர்கள் தளத்திலேயே இலவசம். பளபளப்பான லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கேமராவுக்குப் பிடிபடாது. கறுப்புப் பகுதியை விரலால் மறைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு பீரியடுக்கு மூன்று, நான்கு கேள்விக்குமேல் வேண்டாம். பாதிப் பேர் தவறாகச் சொன்ன கேள்வியை அங்கேயே எடுத்துப் பேசுவதில்தான் இதன் பலனே இருக்கிறது. மார்க் போட மட்டும் பயன்படுத்துவதானால் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

கே: பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்துக்கு ஆய்வகத்தில் ஒன்றுமே இல்லை ஐயா.

ப: ஆய்வகம் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். போனுக்குள் இருக்கும் மைக்கையும் மற்ற உணரிகளையும் அளவுகருவிகளாக மாற்றித் தருகிறது, அதற்கு நெட் தேவையில்லை.

சக ஆசிரியரின் போனையும் கடன் வாங்கினால் ஒலியின் வேகத்தையே அளக்கலாம். இரண்டு போன்களிலும் சத்தத்தால் ஓடி, சத்தத்தால் நிற்கும் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்து 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் போன் அருகே ஒருவர் கைதட்டினால் அது உடனே ஓடத் தொடங்கும், ஒலி போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும். அடுத்து இரண்டாவது போன் அருகே இன்னொருவர் தட்டட்டும். அது முதலில் நிற்கும், மற்றது சற்றுத் தாமதமாக நிற்கும். இரண்டு நேரங்களின் வித்தியாசம் என்பது ஒலி 10 மீட்டர் போக எடுத்த நேரம். 0.029 விநாடி வந்தால் வேகம் ஏறக்குறைய 345 மீட்டர்/விநாடி. 30 டிகிரி வெயிலில் 349 அளவில் இருக்க வேண்டும், எனவே கிட்டத்தில்தான் இருக்கிறோம். புத்தகத்தில் உள்ள எண்ணிலிருந்து ஏன் விலகுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் வெப்பநிலைப் பாடத்தை அங்கேயே ஆரம்பிக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

கே: வாட்ஸ்அப்பில் வந்த தமிழ் வினாத்தாள் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதே?

ப: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழாகக் காட்டும் வேலையை எழுத்துரு செய்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் சாயம் வெளுத்துவிடும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றியில் போட்டு, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு கை தானாக ஓடும்.

கே: எனக்குப் பார்வை கிடையாது, பி.எட். படிக்கிறேன். லேப்டாப்பில் பாடம் படிக்க நல்ல மென்பொருள் சொல்லுங்கள் அண்ணா.

ப: விண்டோஸ் என்றால் என்விடிஏ, தம்பி. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். காசு கிடையாது. 2006இல் இதைத் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழிலும் படிக்கும். குரல் இயந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் வேகத்தைக் கூட்டிக் கேட்கச் சௌகரியம். மேலே சொன்ன பாமினி கோப்பு வந்தால் இது ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். எனவே துறையில் தரும் குறிப்புகளை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுத்து அனுப்புவதை ஏற்காதீர்கள். உரிமையோடு கேட்க வேண்டிய விஷயம் இது.

கே: நீட்டுக்குப் படிக்கிறேன். படித்த உயிரியல் எல்லாம் மறந்துபோகிறது.

ப: ஆங்கி என்ற கேள்வி அட்டைச் செயலி. ஆண்ட்ராய்டில் ‘ஆங்கிட்ராய்டு’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. நீ மறக்கப்போகும் நேரம் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும். அட்டைகளை நீயே எழுதும்மா, ஓர் அட்டைக்கு ஒரே விஷயம். அடுத்தவர் செய்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்காதே. நாளுக்குப் புதிதாகப் பத்துப் பதினைந்துக்குமேல் போனால் மறுபார்வை குவிந்து, இரண்டு வாரத்தில் செயலியையே அழித்துவிடுவாய்.

கே: எங்கள் ஊரில் சிக்னலே கிடையாது. என்ன செய்ய?

ப: கிவிக்ஸ், நெட் இல்லாமல் படிக்க உதவும் செயலி. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக, சிக்னல் உள்ள ஊருக்குப் போகும்போது இறக்கி வந்துவிடலாம். இடம் போதாவிட்டால் படமில்லாத பதிப்பை எடுங்கள். ஃபெட் தளத்தின் அறிவியல் பாவனைகளையும் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) தனித்தனிக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம், பலவும் தமிழில் உள்ளன. மின்சுற்றிலிருந்து தொடங்குங்கள், பிள்ளைகள் பல்பை எரியவைத்துப் பார்க்கும்வரை நகரமாட்டார்கள்.

கே: ஏஐயிடம் வினாத்தாள் தயாரிக்கச் சொல்லலாமா?

ப: கேள்விகளை வாங்கலாம், விடைக்குறிப்பை நீங்களே போடுங்கள். தமிழ் இலக்கணத்தில், குறிப்பாகப் புணர்ச்சியிலும் அசை பிரிப்பதிலும், தவறான விடையைக்கூட அடித்துப் பேசும்.