ஊராட்சி மன்றங்களை இணைத்தால் நமக்கு நோட்டீஸ் வருமா?

பக்கத்து மாவட்ட மன்றத்தோடு எங்கள் நகராண்மைக் கழகத்தை இணைக்கப் போகிறார்களாம், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் வீட்டுக்கு எதுவும் வராது. 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி, அதாவது 171-ஆவது சட்டம், மாநில அரசு அமைச்சரோடு கலந்து பேசி கெஜட்டில் அறிவித்தால் போதும், குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கெஜட்டை யார் படிக்கிறார்கள்? வக்கீல்கள் படிப்பார்கள்.

பினாங்கில் நடந்ததும் இதுதான். 1957-லேயே மாநகர் ஆகிவிட்ட ஜார்ஜ்டவுனையும் தீவின் கிராமப்புற மாவட்ட மன்றத்தையும் எழுபதுகளில் ஒன்றாக்கி 1976-ல் ஒரே நகராண்மைக் கழகம் ஆக்கினார்கள். மாநகர் மன்றம் என்ற பெயர் திரும்பக் கிடைக்க 2015 வரை ஆனது! ஆயர் ஈத்தாமில் இருந்த என் அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததே, வரி பில்லில் வேறு பெயர் இருந்ததைப் பார்த்துத்தான். ஓட்டுப் போட்டுத் தட்டிக் கேட்கவும் வழியில்லை. ஊராட்சித் தேர்தலை 1965-லேயே நிறுத்தியாயிற்று. தேர்தல் வேண்டும் என்று ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்ததையும் அரசு ஏற்கவில்லை.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியது இணைப்புக்கு அப்புறம் வருவதை. வீட்டு வரியைக் கணக்கிட உதவும் புதிய மதிப்பீட்டுப் பட்டியல் போட்டால் அதற்கு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும், ஆட்சேபனையும் சொல்லலாம், ஆனால் அதைப் பரிசீலிக்கக் குறித்த நாளுக்கு 14 நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை கோட்டை விட்டேன். மழையில் நனைந்து கேட்டுக்கடியில் கிடந்த கடிதத்தைக் காயவைத்துப் படித்தபோது பரிசீலனை நாளுக்கு மீதி இருந்தது ஒன்பதே நாள். கவுண்டரில் இருந்த அம்மா தேதியைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார், பாவம் அவர் என்ன செய்வார், அடுத்த பட்டியல் வரும்வரை கூடுதல் தொகையைத்தான் கட்டினேன்.

அதே மாதிரி, உள்ளூர்த் திட்ட வரைவையும் பொதுப் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்க வேண்டும் என்று 172-ஆவது சட்டம், அதாவது நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், சொல்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே கடை வரலாம், எங்கே மாடிக் குடியிருப்பு வரலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இணைப்பு முடிந்தபின் அப்படி ஒரு வரைவு வந்தால் போய்ப் பாருங்கள். கழகத்தின் முழுக்கூட்டத்துக்கும் போகலாம், மூடிய கூட்டம் என்று அவர்கள் தீர்மானிக்காதவரை பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். நான் போன அன்று என்னோடு சேர்த்து மூன்று பேர்.