படத்தை நுணுக்கமாகப் பார்க்கிறாள், வாசிப்பு மட்டும் ஏன் தடுக்குகிறது?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஓவியத்தைக் காட்டினால் நாங்கள் கவனிக்காததைக்கூடச் சொல்வாள். ஆனால் அரைப் பக்கம் வாசிப்பதற்குள் சோர்ந்துவிடுகிறாள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பி (b), டி (d) இரண்டும் குழம்புகின்றன. வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பார்வையை ஒருமுறை சோதித்துவிடுங்கள், அது நல்லதுதான். ஆனால் வண்ணக் கண்ணாடி வாசிப்புச் சிக்கலைத் தீர்க்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டாகவே இதைச் சொல்லிவிட்டார்கள்.

ஓவியத்தில் கண் எங்கே தொடங்கி எங்கே போனாலும் தப்பில்லை. ஒரே ஓவியத்தைப் பற்றி வேறுவேறு கேள்விகள் கேட்டால் பார்வை போகும் பாதையே மாறுவதை ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ் பதிவு செய்து காட்டினார். வாசிப்பில் அந்தச் சுதந்திரம் கிடையாது. வரிசை பிசகினால் சொல்லே மாறிவிடும்.

இன்னொன்று, கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று நம் மூளை பழகியிருக்கிறது. பி, டி விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை அது விட்டாக வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலான குழந்தைகள் இதில் தடுமாறுவார்கள். 9 வயதிலும் நீடித்து, வாசிப்பும் தடுக்குகிறது என்றால், டிஸ்லெக்சியா (வாசிப்பில் நீடிக்கும் கற்றல் சிரமம்) இருக்கிறதா என்று கல்வி உளவியலாளரிடம் மதிப்பீடு செய்யுங்கள். தள்ளிப்போடாதீர்கள். அவள் சோம்பேறி இல்லை, அதை அவளிடமே சொல்லுங்கள்.

டிஸ்லெக்சியாவில் சிக்கல் பெரும்பாலும் கண்ணில் இல்லை, சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில்தான். ஒலிப் பயிற்சியை எழுத்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் அதிகப் பலன் என்று 1983-இலேயே ஆய்வாளர்கள் பிராட்லியும் பிரையன்ட்டும் காட்டினார்கள். வீட்டில் விளையாட்டாகவே செய்யலாம்: 'கல்' என்பதில் 'க'வை எடுத்துவிட்டு 'ப' போட்டால்? அவள் 'பல்' என்றதும் எழுத்து அட்டையையும் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும்.

அப்புறம், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். நெருக்கமாக நிற்கும் எழுத்துகள் ஒன்றையொன்று மறைப்பதுபோல ஆகிவிடும். இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமலே, இடைவெளி கூடியதும் வேகமாகவும் பிழை குறைவாகவும் வாசித்தார்கள். கணினியில் இதை நீங்களே மாற்றிவிடலாம்.

வரையும் நேரத்தை மட்டும் வெட்டாதீர்கள். படத்தைப் பார்த்து அவள் சொல்வதை, இடைவெளி விட்டு, நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவள் வாசிக்கும் பாடம் அன்றைக்கு அதுவாகவே இருக்கட்டும்.