‘காப்பகம் வேண்டாம்’ என்பவரிடம் அடுத்து என்ன பேசுவது?

கேள்வி: தெருவோரம் வசிப்பவர்களைச் சந்தித்துக் காப்பகத்தில் சேர்க்கும் குழுவில் நான் தன்னார்வலர். ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒருவர் பல மாதங்களாகப் படுத்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கூடவே ஒரு நாய், இரண்டு மூட்டை. போர்வை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். காப்பகத்தில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்றால் ‘வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடையாள அட்டை எதுவும் இல்லையாம். ‘உதவியை மறுத்தார்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம் என்கிறார் குழுவில் மூத்தவர். மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள். அவர் மறுத்திருப்பது ஒரு காப்பகப் படுக்கையை மட்டும்தான். போர்வையை வாங்கிக்கொள்கிறாரே, அதுவும் உதவிதானே?

கடிதத்தில் நாயையும் மூட்டைகளையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கண் முதலில் போனது அங்கேதான். பெரும்பாலான காப்பகங்கள் நாயை உள்ளே விடாது. சாமான்களுக்கும் அளவு உண்டு. ஒரு பைக்கு மேல் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆக, ‘வாருங்கள்’ என்று நீங்கள் கூப்பிடும்போது அவர் காதில் விழுவது, ‘நாயை விட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வா’ என்பதாக இருக்கலாம். ஓர் இரவுப் படுக்கைக்கு அவ்வளவு விலை யார் கொடுப்பார்கள்?

வேறு காரணங்களும் இருக்கலாம். சில இடங்களில் மாலையிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். இரவு வேலை கிடைக்கிறவருக்கு அது ஒத்துவராது. கணவன் மனைவியைப் பிரித்து வைப்பார்கள். குடித்திருந்தால் அனுமதி இல்லை. இருக்கிற செருப்பும் காலையில் காணாமல் போகும். முன்பு உள்ளே அடி வாங்கியவர்கள் உண்டு, பெண்கள் என்றால் அதைவிட மோசமானதையும் பார்த்திருப்பார்கள். தெருவில் ஆபத்து எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். காப்பகத்தின் ஆபத்து அவருக்குப் பிடிபடாதது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து ‘வேண்டாம்’ என்பவரைப் பிடிவாதக்காரர் என்பது நியாயமில்லை.

‘ஏன் வர மாட்டேன் என்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், அவர் இன்னும் இறுகிப்போவார். ‘இதுக்கு முன்னாடி எங்கேயாவது காப்பகத்தில் தங்கியிருக்கீங்களா? அங்கே எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனம் நீண்டால் நீளட்டும். அதை நிரப்பத் துடிக்கிற பழக்கம் தன்னார்வலர்களிடம் அதிகம். பெரும்பாலும் அப்போதுதான் விஷயம் வெளியே வரும். நாயின் பெயரைக் கேட்டாலும் தப்பில்லை; சில பேரிடம் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

அணுகும் விதத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் விரித்திருக்கும் அட்டைதான் அவர் வீட்டு வாசல் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தாமாகவே போய்விடும். கேட்காமல் அதில் கால் வைக்க மாட்டீர்கள். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்ப மாட்டீர்கள். கால்மாட்டுப் பக்கம் சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுப்பீர்கள். ‘கொஞ்சம் உட்காரலாமா?’ என்று கேட்டு, அவர் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து, பக்கவாட்டில் உட்காருங்கள். நேரெதிரே உட்கார்ந்து அவர் எழுந்து போகும் வழியை மறிக்க வேண்டாம். இரண்டு பேர் போதும்: ஒருவர் பேச, மற்றவர் சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொள்ள. ஒரே நிற டீ சர்ட்டில் ஐந்தாறு பேர் சூழ்ந்து நிற்பதும், போர்வை கொடுக்கும்போது போட்டோ எடுப்பதும் எனக்கு அறவே பிடிக்காது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனிதரின் முகத்தை ஊருக்குக் காட்ட நமக்கு யார் அனுமதி கொடுத்தது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வீடற்றவர்களுக்கு வைத்தியம் பார்க்க 1985இல் ஜிம் ஓ’கானல் என்ற இளம் மருத்துவர் வந்தார். பார்பரா மெக்கின்னிஸ் என்ற செவிலியர் அவருக்குக் கொடுத்த முதல் வேலை, வருகிறவர்களின் கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கழுவுவது. ஸ்டெதஸ்கோப்புக்கு வேலையே இல்லை. நாள் முழுக்க நடந்து, ஈரச் செருப்போடு தூங்குகிறவர்களுக்குப் பாதம்தான் முதலில் கெடும். அதைக் கவனிக்கிறவரிடம் மற்ற நோவையும் மெல்லச் சொல்வார்கள். உங்கள் ஆளுக்கும் அப்படி ஒரு சின்ன, உடனடித் தேவை இருக்கும். காலில் புண்ணோ, உடைந்த கண்ணாடியோ, நாய்க்குச் சொறியோ, எது என்று கண்டுபிடியுங்கள். ‘செவ்வாய்க்கிழமை காலையில் மருந்தோடு வருகிறேன்’ என்றால் செவ்வாய்க்கிழமை காலையில் மருந்தோடு போங்கள். முடியாது என்று தெரிந்ததைச் சொல்லவே வேண்டாம். ‘வீடு வாங்கித் தருகிறோம்’ என்று யாரோ சொல்லிவிட்டுப் போன கதை அவரிடம் ஏற்கெனவே இரண்டு மூன்று இருக்கும்.

அடுத்தது அடையாள அட்டை. காப்பகத்துக்கு வர மறுக்கிறவர்களில் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். அட்டை கேட்டால் முகவரி கேட்பார்கள், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள், ஒப்பந்தத்துக்கு அட்டை கேட்பார்கள். இந்த வட்டத்தைத் தனியாளாக உடைப்பது கடினம். அமைப்பின் முகவரியைக் கடிதத் தொடர்புக்குப் பயன்படுத்தலாமா என்று உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். பழைய அட்டையின் எண், படித்த பள்ளி, வேலை பார்த்த இடம், சிகிச்சை பெற்ற மருத்துவமனைச் சீட்டு, ஏதாவது ஒரு நுனி கிடைத்தால் பிடித்து இழுக்கலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கூடவே போய் வரிசையில் நில்லுங்கள். அட்டை வந்ததும் அவர் சம்மதத்தோடு நகல் எடுத்து அலுவலகத்தில் வையுங்கள். துப்புரவு என்ற பெயரில் ஒரே காலையில் மூட்டையோடு அள்ளிக்கொண்டு போனால் மாதக்கணக்கில் செய்த வேலை அத்தனையும் போய்விடும்.

இத்தனையும் செய்து கடைசியில் அதே காப்பகக் கூடத்துப் படுக்கையைத்தான் காட்டப்போகிறீர்கள் என்றால், அதே பதில்தான் வரும். உங்கள் மூத்தவரிடம் பேச வேண்டிய விஷயம் இதுதான். நியூயார்க்கில் தெருவில் மனநல நெருக்கடியில் இருப்பவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் குழுவில் வேலை பார்த்தவர் உளவியலாளர் சாம் செம்பெரிஸ். கொண்டுபோய் விட்டவர்களே மறுபடி அதே நடைபாதைக்குத் திரும்புவதைப் பார்த்துச் சலித்து, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கத் தொடங்கினார். பலரும் வீடு என்றார்கள். 1992இல் அவர் தொடங்கிய திட்டம் குடியை விடு, மாத்திரை சாப்பிடு என்று நிபந்தனை போடாமல் முதலில் தனி வீட்டைக் கொடுத்தது. மற்ற உதவிகள் அதற்குப் பிறகு. அதுதான் இன்று ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ எனப்படுவது. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநலப் பாதிப்புள்ள வீடற்றவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில், இந்த முறையில் வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழுக்க முழுக்க வீட்டிலேயே இருந்தார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களில் அது 31 சதவீதம். பின்லாந்து 2008இல் தேசியத் திட்டம் போட்டு, பழைய காப்பகங்களையே வாடகை வீடுகளாக மாற்றத் தொடங்கியது.

உங்கள் பகுதியில் அப்படி ஒரு திட்டம் இல்லாமல் போகலாம். இருந்தாலும் படுக்கையைத் தவிர எதையெல்லாம் காட்ட முடியும் என்று விசாரியுங்கள்: நாயை அனுமதிக்கும் விடுதி, பூட்டு போட்ட சாமான் அறை, வாடகை முன்பணம் கொடுக்கும் அமைப்பு, தனி அறை வாடகைக்கு விட மனமுள்ள வீட்டு உரிமையாளர், தெருவில் இருப்பவரோடு இன்னும் பேச்சு வைத்திருக்கும் அவர் தம்பியோ மகளோ. இரண்டு வழியாவது கையில் இருந்தால்தான் ‘எது சரிப்படும்?’ என்று அவரைக் கேட்க முடியும்.

சம்மதித்துவிட்டால் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து ‘இவரைப் போய்ப் பாருங்கள்’ என்று அனுப்பாதீர்கள். இந்த வேலையில் ஆட்கள் அதிகம் தவறிப்போவது இந்தக் கட்டத்தில்தான். புதிய கேஸ் ஒர்க்கரை, அதாவது இனி அவரைத் தொடர்ந்து கவனிக்கப்போகும் பணியாளரை, தெருவுக்கே அழைத்துவந்து அறிமுகப்படுத்துங்கள். மூன்று பேரும் சேர்ந்து போய் அறையைப் பாருங்கள். சாவி கையில் வந்த பிறகும் விலகிவிடாதீர்கள்: முதல் வாரத்தில் பலர் தரையில்தான் படுப்பார்கள், சிலர் பழைய இடத்துக்கே போய்த் தூங்குவார்கள். நான்கு சுவருக்குள் அவ்வளவு அமைதி பழகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்வார், பழைய கூட்டாளிகள் வந்து தங்குவார்கள், வாடகை தேதி மறந்துபோகும். காப்பகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் மனநலப் பாதிப்புள்ள 96 ஆண்களை வைத்து நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. அவர்களில் ஒரு பாதிக்கு முதல் ஒன்பது மாதம் ஒரு பணியாளர் தொடர்ந்து துணை நின்றார். பதினெட்டு மாத முடிவில் அவர்கள் சராசரியாக 30 இரவுகள் வீடின்றிக் கழித்திருந்தார்கள். துணை இல்லாத மறு பாதியினர் 91 இரவுகள்.

அவர் ‘வேண்டாம்’ என்றாலும் அதைக் கேட்டு நீங்கள் விலகிப் போகக் கூடாத நேரமும் உண்டு. கூப்பிட்டாலும் தட்டினாலும் விழிக்காவிட்டால், மூச்சு மிக மெதுவாகவோ குறட்டை போலவோ வந்தால், வெயிலில் உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால், கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் தானாக நின்று ஆள் மந்தமானால் உடனே ஆம்புலன்ஸ். இதில் விவாதமே வேண்டாம். பாதத்தில் கறுத்து நாற்றமடிக்கும் புண் என்றால் அன்றைக்கே மருத்துவரை அங்கே வரவழைக்கப் பாருங்கள். நாயை யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் மருத்துவமனைக்குப் போக அவரே சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

கோப்பில் ‘உதவியை மறுத்தார்’ என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘கூடத்துப் படுக்கை வேண்டாம் என்றார். நாய் உண்டு. காரணம் இன்னும் கேட்கவில்லை. அட்டை எடுக்க உதவலாமா என்று அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டும்.’ கீழே தேதியையும், போகப்போகிறவரின் பெயரையும் போடுங்கள். நீங்கள் லீவில் இருந்தாலும் வேறொருவர் அதைப் படித்துவிட்டு, அவரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் பேச முடியும்.