‘தூங்கிட்டேன் மாப்ளே’ என்று சொல்லலாமா?

(மதுரை சிம்மக்கல் பக்கம் பல காலம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர் வாசகர்களின் இசைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: நாங்கள் நாலு நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கூடும்போது ஆளுக்கொரு ஆல்பம் சொல்வோம். எப்படி இருந்தது என்று அடுத்த வாரம் பேசுவோம். போன வாரம் ஒருவன் அமெரிக்க ஜாஸ் இசைக்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைக் கேட்கச் சொன்னான். பத்து நிமிடம் தாண்டியதும் தூங்கிவிட்டேன். அவனுக்கோ அது உயிர். ‘சூப்பர்’ என்று சொல்லிச் சமாளிக்கவா? – வாசகர், உசிலம்பட்டி

ப: சமாளித்தீர்கள் என்றால் அடுத்த வாரமும் ஜாஸ்தான் வரும். தூங்கிட்டேன் மாப்ளே என்றே சொல்லுங்கள். எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். முதல் பாட்டான ‘ஸோ வாட்’ ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அப்படியென்றால் அதை முழுசாகக் கேட்டுவிட்டு, இரண்டாவது பாட்டில்தான் கண் சொக்கியிருக்கிறது. முதல் பாட்டைப் பற்றிப் பேச உங்களிடம் விஷயம் இருக்கிறதே!

என் கடைக்கு வந்தவர்களிலும் இரண்டு வகை உண்டு. ‘நல்லாருந்துச்சுண்ணே’ என்று மட்டும் சொல்கிறவருக்கு அடுத்து எதைப் பதிந்து கொடுப்பது என்றே தெரியாது. ‘அண்ணே, மூணாவது பாட்டுல அந்த வயலின் எதுக்கு இந்த இழு இழுக்குது?’ என்று சண்டைக்கு வருகிறவருக்கு என்ன வேண்டும் என்பது அந்த நிமிடமே புரிந்துவிடும்.

‘ஸோ வாட்’டை மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள், சாப்பிடுவதற்கு முன்னால். பேஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியம் ஒரு கேள்வி கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே அடியில் பதில் சொல்லும். சுரங்களும் நமக்கு அந்நியமில்லை. இரண்டு கட்டை சுருதியில் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள். அதில் 16 தாளவட்டம் நின்று, இரண்டரைக் கட்டைக்கு ஏறி 8 வட்டம், மறுபடி பழைய இடத்துக்கு இறங்கி 8 வட்டம். இதே கணக்குதான் சுற்றிச் சுற்றி வரும். நம்ம பாணியில் சுரத்தை அசைக்கிற கமகம் மட்டும் தேடாதீர்கள், கிடைக்காது.

இன்னொரு விஷயம். 1959இல் வந்த இசைத்தட்டில் முதல் பக்கத்து மூன்று பாட்டும் கொஞ்சம் வேகமாக, சுருதி கூடி ஒலித்தன. பதிவு செய்த அன்று டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதுதான் காரணம்; அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியதும் பாட்டு வேகமாகிவிட்டது. 1992இல்தான் திருத்தி வெளியிட்டார்கள். பெல்ட் தளர்ந்த கேசட் டெக்கோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

கே: என் மாமனார் இளையராஜா பைத்தியம். ஆசையாக ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தைப் போட்டுக் கொடுத்தேன். ‘இதுல பாட்டே இல்லையேம்மா’ என்று பாதியில் நிறுத்திவிட்டார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. – வாசகி, மேலூர்

ப: அவர் உள்ளதைத்தானே சொன்னார்? பல்லவி, சரணம் என்று காத்திருந்த மனுஷனுக்கு அது வரவே இல்லை. உங்கள் மாமனார் சினிமாப் பாட்டுகளில் சரணத்துக்கு முன்னால் வரும் வயலின்களையும் சேர்த்து முணுமுணுக்கிற ஆளா என்று கவனியுங்கள். ஆம் என்றால் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ ஒன்றை மட்டும் போடுங்கள். தனி வயலினுக்காக ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி ராஜா தன் வாத்தியங்களைக் கட்டியிருப்பார். வயலின் வி.எஸ். நரசிம்மன். 1986இல் வந்த இந்த ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் காணிக்கை ஆக்கினார் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள்.

அதற்கும் அசையவில்லையா, விட்டுவிடுங்கள். பதிலுக்கு அவர் ஒன்று சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். வீட்டில் பழைய இசைத்தட்டு ஏதும் வைத்திருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கே: எனக்குப் பிடித்த 40 ஆல்பங்களைப் பட்டியல் போட்டு நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. – கல்லூரி மாணவர், திருமங்கலம்

ப: நானும் கேட்க மாட்டேன் தம்பி. ஒன்றே ஒன்று அனுப்புங்கள். 90 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு எல்.பி. இசைத்தட்டு முழுசும் கேசட்டின் ஒரு பக்கத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ‘மறுபக்கம் என்னண்ணே போடுறது?’ என்பார்கள் கடைக்கு வந்தவர்கள். என் சிபாரிசு நுழைகிற இடம் அதுதான். அவர்கள் கேட்டு வந்ததற்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்துப் போடுவேன், எனக்குப் பிடித்ததை அல்ல.

கே: பெங்களூரு நண்பனுக்கு நாதஸ்வரம் அனுப்பினேன். ஹெட்போனில் கேட்டானாம், காது வலிக்கிறது என்கிறான். ரசனை இல்லாதவனா? – வாசகர், வாடிப்பட்டி

ப: பாவம், வலித்துத்தான் இருக்கும். தேரோடும் வீதிக்காகப் பிறந்த வாத்தியத்தைக் காதுக்குள் செருகினால் அவன் என்ன செய்வான்? ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்காரச் சொல்லுங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்கு நம்ம மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததிலிருந்து தொடங்கட்டும். அது பிடித்தால் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் ராக ஆலாபனைக்குப் போகலாம். சித்திரைத் திருவிழாவுக்கு ஒருதரம் கூட்டி வந்து மாசி வீதியில் நிறுத்துங்கள். மேளம் தூரத்தில் கிளம்பி அவனைக் கடந்து போகட்டும். அப்புறமும் வலிக்கிறது என்றால் அவன் கருத்து அவனுக்கு.

கே: நான் சொன்ன ஆல்பத்தைக் கேட்காமலே ‘கேட்டேன், அருமை’ என்கிறார் ஒரு நண்பர். எப்படிப் பிடிப்பது? – வாசகர், சோழவந்தான்

ப: கடைசிப் பாட்டு எப்படி என்று கேளுங்கள். முழி பிதுங்கினால் அன்றைய டீக்காசு அவர் தலையில்.